உங்களுக்குத் தெரியுமா? எடை குறையட்டும், பலம் குறைய வேண்டாம்!

"சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு, முட்டி வேற வலிக்குது. டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லிட்டார். நடக்கிறேன், ராத்திரி சாதத்தையும் நிறுத்திட்டேன். இந்த உடம்பை வெச்சுக்கிட்டு வெயிட் எல்லாம் தூக்க முடியுமா?" இந்தக் கேள்வி எழாத வீடு குறைவு. பெரும்பாலானவர்களால் தூக்க முடியும்; தூக்கவும் வேண்டும். நோய் இருப்பவருக்குத்தான் தசை வலு கூடுதலாகத் தேவைப்படுகிறது. எதில் தொடங்குவது, எங்கே நிறுத்துவது, யாரைக் கேட்பது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதியாகிவிடும். அதற்கான தகவல்கள் இதோ.

ஏன் வேண்டும்?

● சாப்பாட்டை மட்டும் குறைத்து இளைக்கும்போது கரைவது எல்லாம் கொழுப்பு அல்ல. இறங்கும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு, தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத பகுதியிலிருந்து போகிறது. 10 கிலோ இளைத்தால் அதில் சுமார் இரண்டரை கிலோ. எடை மெஷின் இதைப் பிரித்துக் காட்டாது. மாடிப்படி ஏறும்போது தொடை காட்டிக்கொடுத்துவிடும்.

● உடல் பருமன் உள்ள 160 முதியவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2017-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தது. உணவுக் கட்டுப்பாட்டோடு ஒரு குழு நடை போன்ற பயிற்சிகளைச் செய்தது. இன்னொரு குழு எடைப் பயிற்சி செய்தது. மற்றொரு குழு இரண்டையும் செய்தது. 6 மாதத்தில் மூன்று குழுக்களுமே சுமார் 9% இளைத்தன. ஆனால் கொழுப்பில்லாத எடையில் நடைக் குழு இழந்தது 5%, எடைப் பயிற்சிக் குழு இழந்தது 2%, இரண்டையும் செய்த குழு இழந்தது 3%. எழுவது, நடப்பது, படியேறுவது போன்ற அன்றாடத் திறனில் அதிகம் முன்னேறியவர்கள் இரண்டையும் செய்தவர்களே. ஆகவே நடையை விட வேண்டாம். அதனோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

● இன்சுலின் சொல் கேட்டு ரத்தச் சர்க்கரையை வாங்கிச் சேர்த்துவைக்கும் இடங்களில் மிகப் பெரியது தசை. சர்க்கரையை உள்ளே விடும் 'குளூட்-4' என்ற புரதக் கதவு, தசைச் செல்லின் மேற்பரப்புக்கு வந்தால்தான் வேலை நடக்கும். சர்க்கரை நோயில் இன்சுலின் அழைத்தாலும் அது சரியாக வருவதில்லை. ஆனால் தசை வேலை செய்யும்போது, இன்சுலின் அழைக்காமலேயே வந்துவிடும். 

● சர்க்கரை நோய் உள்ள 262 பேரிடம் 9 மாதம் நடந்த அமெரிக்க ஆய்வில் (2010), நடை மட்டும் செய்தவர்களுக்கும் எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையான ஹெச்பிஏ1சி குறிப்பிடும்படி இறங்கவில்லை. இரண்டையும் கலந்து செய்தவர்களுக்கு இறங்கியது. மூன்று குழுக்களும் வாரத்தில் செலவிட்ட நேரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

● 2004-ல் 'லான்செட்' இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் இருவரும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1%, யாஜ்னிக் உடலில் 21.2%. மெலிந்து தெரியும் இந்திய உடலுக்குள் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருக்கலாம் என்பதற்கு அந்தப் படம் சாட்சி. நமக்கு பிஎம்ஐ 23-ஐத் தொட்டாலே கவனம் தேவை என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

● கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தவர்கள் 8 வாரம் எடைப் பயிற்சி மட்டும் செய்தார்கள். உடல் எடை குறையவே இல்லை. கல்லீரல் கொழுப்பு மட்டும் 13% குறைந்திருந்தது. இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்து, 2011-ல் வெளியான சிறிய ஆய்வு இது.

● கைப்பிடியின் இறுக்கம் ஆயுளைப் பற்றியும் சேதி சொல்லும். இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரை ஆராய்ந்த 'ப்யூர்' ஆய்வில் (2015), பிடிவலு 5 கிலோ குறையும் ஒவ்வொரு படிக்கும் இறப்பு அபாயம் 16% கூடியிருந்தது. ரத்த அழுத்தத்தின் மேல் அளவைவிடப் பிடிவலு இதைத் தெளிவாகக் காட்டியது.

● எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு ஒரு செய்தி. செமாகுளுடைடு என்ற அத்தகைய ஊசி மருந்தின் முக்கிய ஆய்வில் ஒரு பகுதியினரை ஸ்கேன் செய்து பார்த்தபோது, குறைந்த எடையில் சுமார் 40% கொழுப்பில்லாத பகுதி. பசி அடங்கும்போது புரதமும் குறைகிறது. ஊசி போடுகிறவருக்கு எடைப் பயிற்சி கட்டாயம் என்றே சொல்லலாம்.

வயதாகிவிட்டதா?

● பாஸ்டனில் ஒரு முதியோர் மருத்துவமனை. 86 முதல் 96 வயது வரையான 10 பேர். பலருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள். 8 வாரம் தொடைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார் டாக்டர் மரியா ஃபியாட்டரோன். முடித்தவர்களின் தொடை வலு சராசரியாக 174% கூடியது. 1990-ல் வெளிவந்த இந்த முடிவுக்குப் பிறகு, 'இந்த வயசுல எதுக்கு?' என்ற கேள்விக்கு மருத்துவத்தில் இடமில்லாமல் போனது.

● வயதோடு தசை கரைவதற்குத் தனிப் பெயரே 1989-ல்தான் வந்தது. 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தவர் இர்வின் ரோசன்பர்க். கிரேக்க மொழியில் சதையின் இழப்பு என்று பொருள்.

● ஜிம்மில் சொல்லும் '10 தடவை, 3 செட்' கணக்கு மருத்துவமனையிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் முழங்காலில் அடிபட்டு, மாதக்கணக்கில் தேறாமல் கிடந்த சிப்பாய்களுக்கு அமெரிக்க ராணுவ டாக்டர் தாமஸ் டிலோர்ம் எடை தூக்கும் சிகிச்சை கொடுத்தார். 1945-ல் அதைப் பற்றி எழுதினார். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது என்ற அவருடைய முறைதான் இன்றும் அடிப்படை. எடைப் பயிற்சி நோயாளிகளுக்கு ஆகாது என்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய வரலாறு இது.

● நம் ஊருக்கும் இது புதிதல்ல. தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் இன்றும் கிடக்கிறது; பொங்கலையொட்டித் தூக்கிப் பார்க்கிறார்கள். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை எல்லாம் நம் தாத்தாக்கள் அறிந்தவை. இந்தியாவிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுபோன கர்லாக்கட்டை, 1904, 1932 ஒலிம்பிக்குகளில் போட்டியாகவே நடந்தது.

● 'வீட்டு வேலையே பயிற்சிதானே?' அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் இருந்த காலத்தில் அது பெருமளவு உண்மை. இன்றும் வீட்டு வேலை களைப்பைத் தருகிறது. ஆனால் தசை வளர, பாரம் படிப்படியாகக் கூட வேண்டும். தினமும் ஒரே குடத்தைத் தூக்கினால் தசை அந்த அளவோடு நின்றுவிடும்.

● எடை தூக்கினால் பெண்களுக்கு ஆண்களைப் போல உடம்பு முறுக்கேறிவிடாது. அதற்கான டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுக்குப் பல மடங்கு அதிகம். பெண்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் எலும்பில் தெரியும். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழக ஆய்வில், மாதவிடாய் நின்ற, எலும்பு மெலிந்த பெண்கள் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், நிபுணர் கண்காணிப்பில் எடை தூக்கினார்கள். 8 மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி 2.9% கூடியது, வீட்டில் லேசான பயிற்சி செய்த மற்ற குழுவுக்கு 1.2% குறைந்தது. எலும்பு மெலிவு உள்ளவர்கள் தாங்களாகக் கனமான எடையில் தொடங்கக் கூடாது. முதுகை வளைத்துக் குனிவதையும் திருகுவதையும் தவிர்க்க வேண்டும்.

தொடங்கும் முன்

● ரத்த அழுத்தம் 180/110-க்கு மேல் நிற்கிறதா? ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சு வலிக்கிறதா? கட்டுக்குள் வராத இதயத் துடிப்புக் கோளாறு, மூச்சிரைக்கவைக்கும் இதயச் செயலிழப்பு, இதய வால்வில் கடுமையான சுருக்கம் உண்டா? அப்படியானால் முதலில் சிகிச்சை, பயிற்சி பிறகு. மாரடைப்பு வந்து தேறியவர்களுக்குக் கதவு மூடப்படவில்லை. டாக்டர் அனுமதித்த பின், குறைந்த பாரத்தில், 10 முதல் 15 தடவை வரை செய்யும் பயிற்சியை அமெரிக்க இதய சங்கமே பரிந்துரைக்கிறது.

● மூச்சை அடக்கக் கூடாது. ஏன் தெரியுமா? 1985-ல் கனடா ஆய்வாளர்கள், உடற்கட்டு வீரர்களின் ரத்தக் குழாய்க்குள் கருவியை வைத்து, அவர்கள் காலால் பெரும்பாரத்தைத் தள்ளும்போது அழுத்தத்தை அளந்தார்கள். சராசரி 320/250! முழு பலத்தையும் போட்டதும், மூச்சை இறுகப் பிடித்ததும் காரணங்கள். இதற்கு மருந்து எளிது. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். இறக்கும்போது உள்ளே இழுங்கள். வாய்விட்டு 'ஒன்று, இரண்டு' என்று எண்ணினாலே மூச்சு தானாக ஓடும்.

● ரத்த அழுத்தத்தை இறக்குவதில் முன்னணியில் நிற்பது, அசையாமல் நிற்கும் ஒரு பயிற்சி. 270 ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் வெளியான அலசலில், சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணுக்குத் தெரியாத நாற்காலியில் உட்கார்வது போல நிற்பது போன்ற பயிற்சிகள் மேல் அளவை 8 புள்ளியும் கீழ் அளவை 4 புள்ளியும் இறக்கின. முட்டி வலி உள்ளவர்கள் கொஞ்சமாக மட்டும் சரிந்து, 20 விநாடியில் தொடங்கலாம். இதிலும் மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

● சர்க்கரை நோயாளிகள் ஜிம்முக்குப் போகும் முன் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். விழித்திரையில் புதிய மெல்லிய ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால், முக்கித் தூக்கும்போது அவை கசிந்து பார்வையை மறைத்துவிடலாம். லேசர் போன்ற சிகிச்சை முடிந்து, டாக்டர் சொன்ன பிறகு தொடங்குங்கள்.

● பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு எடை தூக்கக் கூடாது. சரியான ஷூ, சாக்ஸ் வேண்டும். முடித்ததும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கும் பழக்கம் வேண்டும். கொப்புளத்தைக் கால் சொல்லாது. கண்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

● இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போதும், சில மணி நேரம் கழித்தும் லோ சுகர் வரலாம். தொடங்கும் முன் சர்க்கரையைப் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே நிறுத்தி, நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். சர்க்கரைப் பொட்டலம் எப்போதும் பையில் இருக்கட்டும். கூட ஒருவர் இருப்பது இன்னும் நல்லது.

● மெட்டோபுரோலால், அட்டெனலால் போன்ற மாத்திரைகள் இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்துகின்றன. இவற்றை எடுப்பவர்கள் வாட்ச் காட்டும் துடிப்பை வைத்துப் பயிற்சியின் கடுமையை அளக்க முடியாது. லோ சுகரின் படபடப்பும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் எச்சரிக்கும். இவர்களுக்கு ஏற்ற அளவுகோல் பேச்சு. பயிற்சிக்கு நடுவே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் அளவு சரி.

● எடை குறையக் குறைய, பழைய மருந்தின் அளவு உடம்புக்குக் கூடுதலாகிவிடும். எழுந்ததும் தலைசுற்றல், அடிக்கடி லோ சுகர் என்றால் மாத்திரை அளவை மாற்ற வேண்டிய நேரம். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

எப்படித் தொடங்குவது?

● வாரத்தில் 2 நாள் போதும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறது. வாரத்துக்கு 150 நிமிட நடை தனி. இரண்டு நாளுக்கும் இடையில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு இருக்கட்டும்; தசை தேறுவது அந்த ஓய்வில்தான்.

● ஐந்தே அசைவுகள் முழு உடம்புக்கும் தொடக்கமாகும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. சுவரில் கை ஊன்றித் தண்டால். ரப்பர் பட்டையை நெஞ்சை நோக்கி இழுப்பது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. இரண்டு கைகளிலும் கட்டைப்பை பிடித்து வீட்டுக்குள் நடப்பது. பட்டை தவிர எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏறக்குறைய ஒரு கிலோ. கட்டைப்பையில் அதைப் போட்டுக் கணக்காகக் கூட்டலாம்.

● ஒவ்வொன்றும் 10 முதல் 15 தடவை, ஒரு சுற்று. கடைசி இரண்டு, மூன்று தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். ஆனால் நிலை குலையக் கூடாது. தொடர்ந்து இரண்டு முறை 15-ஐ எளிதாக எட்டினால், கொஞ்சம் பாரம் கூட்டுங்கள். அவசரம் வேண்டாம்.

● முதல் சில வாரங்களில் தசை பெரிதாவதில்லை. ஆனாலும் வலு கூடும். தூங்கிக்கிடந்த தசை நார்களை நரம்புகள் எழுப்பி வேலை வாங்கக் கற்றுக்கொள்வதே காரணம். கண்ணாடியில் மாற்றம் தெரியவில்லை என்று மூன்றாம் வாரத்தில் விட்டுவிடாதீர்கள்.

● அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் 2005-ல் கண்டது: மூட்டுத் தேய்மானம் உள்ளவர் ஒரு கிலோ இளைத்தால், எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மீதான பாரம் 4 கிலோ குறைகிறது. அதுவரை, எழுந்து உட்காரும் பயிற்சியில் நாற்காலி மிகத் தாழ்வாக இருந்து முட்டி வலித்தால், தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். வலு கூடும்போது தலையணையை எடுத்துவிடலாம்.

● மறுநாள் தொடை வலித்தால் பயப்பட வேண்டாம். பழகாத தசைக்கு 24 முதல் 72 மணி நேரம் வரை வலி இருக்கும், தானாகப் போய்விடும். மூட்டில் குத்தும் வலி, வீக்கம் என்றால் நிறுத்த வேண்டும். நெஞ்சு, தாடை, இடது கை வலியோ மயக்கமோ வந்தால் 108-ஐ அழையுங்கள்.

● முதல் மாதம் எடை மெஷின் நகராமல் நிற்கலாம். பயிற்சியால் தசை தண்ணீரையும் சர்க்கரைச் சேமிப்பையும் பிடித்துவைக்கிறது. இஞ்ச் டேப்பை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை.

தட்டில் என்ன?

● இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் புரத அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்பது நிபுணர்கள் கருத்து. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் கிடைக்கும். ஒரு கப் சாதத்தில் கிடைப்பது 4 கிராம்தான். சாதத்தைக் குறைத்த இடத்தில் வெறும் தண்ணீரை நிரப்பாமல், சுண்டலையோ முட்டையையோ வையுங்கள்.

● சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குப் புரத அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஜிம்மில் யாரோ தரும் பவுடரை வாங்காதீர்கள். கிரியேட்டின் பவுடர், ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் அளவைக் கூட்டிக் காட்டிக் குழப்பும்.

உதவிக்கு யார்?

● நோயோடு தொடங்குபவருக்கு முதல் ஆசான் பிசியோதெரபிஸ்ட். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுகர், பிரஷர் மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. உங்கள் பகுதி சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள்.

● இன்றைக்கே செய்ய ஒன்று உண்டு. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுக்குள் ஆண்கள் 14-க்கும் பெண்கள் 12-க்கும் கீழே போனால், கால் வலு சராசரியைவிடக் குறைவு. எத்தனை வந்தாலும் தேதி போட்டு எழுதிவையுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது சுகர் ரிப்போர்ட்டோடு அந்தத் தாளையும் கொண்டுபோய், "இதைக் கூட்ட வேண்டும், எதில் தொடங்கட்டும்?" என்று கேளுங்கள். எடையின் எண் இறங்க, இந்த எண் ஏறினால் நீங்கள் சரியான பாதையில் இளைக்கிறீர்கள்.